ஆர்வச் சோதனைத் தாளில் "பிடிக்காது" என்று வரும் விடைகளை எப்படிப் படிப்பது?

பயிற்சி ஆலோசகர், திருப்பூர்:

அனைவருக்கும் வணக்கம். நான் ஆலோசனை உளவியலில் முதுநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். களப்பயிற்சிக்காகத் திருப்பூரை ஒட்டிய ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு வாரத்தில் இரண்டு நாட்கள் போய்வருகிறேன். இந்தப் பருவத்தில் தொழில் வழிகாட்டல் எங்களுக்கு ஒரு தனித்தாள். வாரந்தோறும் பாடத்தில் படித்ததையும் பள்ளியில் பார்த்ததையும் சேர்த்து ஒரு பயிற்சிக் குறிப்பு எழுதித் தர வேண்டும். ஒன்பது வாரம் எழுதியாயிற்று. பத்தாவது வாரத்தில் மாட்டிக்கொண்டேன். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளரின் ஆறு வகைகளை அடிப்படையாகக் கொண்ட ஓர் ஆர்வச் சோதனையைப் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு நடத்தி, அவர்களுடைய ஆர்வக் குறிப்பைத் தயாரித்துத் தர வேண்டும் என்பது எங்களுக்கு இடப்பட்ட பணி. கையால் செய்யும் வேலை, ஆராய்ச்சி, கலை, பிறருக்கு உதவுதல், தொழில் முனைதல், ஒழுங்குமுறையான அலுவலகப் பணி என்று ஆறு நாட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் சில வாசகங்கள். "பிடிக்கும்", "பிடிக்காது" என்று குறியிட வேண்டும். தமிழாக்கம் எங்கள் வகுப்பிலேயே செய்தது.

விடைத்தாள்களைக் கூட்டிப் பார்த்தபோது, பெண்பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட கைவேலை நாட்டம் முதல் மூன்று இடங்களுக்குள் வரவில்லை. எல்லாருக்கும் பிறருக்கு உதவும் நாட்டமே முதலிடம்; ஆசிரியை, செவிலியர், மருத்துவர். முதலில் இதில் எனக்கு வியப்பாக எதுவும் தோன்றவில்லை. பிறகு ஒரு மாணவியுடன் தனியாக உட்கார்ந்து விடைத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பழுதான இயந்திரத்தைப் பிரித்துச் சரிசெய்வது" என்ற வாசகத்துக்கு அவள் "பிடிக்காது" என்று குறித்திருந்தாள். வீட்டில் மிஷின் ஏதாவது இருக்கிறதா என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "அம்மா தைக்கிற மிஷின் இருக்குங்க மிஸ். நூல் அறுந்துட்டே இருந்துச்சுன்னா பாபின் கேஸைக் கழட்டி, அந்தச் சின்ன ஸ்க்ரூவைக் கால் சுத்துத் திருப்பி நான்தான் சரிபண்ணுவேன்" என்றாள். அப்படியானால் ஏன் பிடிக்காது என்று போட்டாய் என்றதற்கு, "அது வீட்டு வேலைங்க மிஸ். இதுல கேட்டிருக்கிறது மெக்கானிக் வேலை இல்லீங்களா?" என்று திருப்பிக் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அதே வகுப்பில் ஒரு பையன் அறுபது வாசகங்களுக்கும் ஒரே கோடாக "பிடிக்கும்" என்று இழுத்துக் கொடுத்துவிட்டான். அவன் முடிவு செய்துவிட்டான்: பரீட்சை முடிந்ததும் மாமா வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் சேர்ந்து, முதலில் கைமடி என்ற உதவியாள் வேலை, பிறகு ஓவர்லாக் தையல் மிஷின் பழகி, ஒன்றரை ஷிப்ட் பார்த்து, சனிக்கிழமை தோறும் சம்பளம் வாங்குவது. எனக்குச் சோதனையே தேவையில்லை என்று அவன் மரியாதையாகச் சொன்ன விதம் அது என்று நினைக்கிறேன்.

என் கேள்வி இதுதான். ஒரு பிள்ளை பார்த்தே இராத வேலையைப் பற்றிக் கேட்டு வாங்கிய விடையை "ஆர்வம்" என்று எழுதிக் கொடுப்பது சரியா? அப்படி எழுதாவிட்டால் வேறு என்ன எழுதுவது?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தப் பாடத்தின் தொடக்கத்தில், டொனால்டு சூப்பரின் வாழ்க்கை வானவில்லை எங்கள் சொந்த வாழ்க்கைக்கு வரையச் சொன்னார்கள். மகள், மாணவி, பணியாளர், குடிமகள் என்று எந்த வயதில் எந்தப் பங்கு எவ்வளவு அகலம் என்று வண்ணம் தீட்ட வேண்டும். எனக்குப் பதினைந்தாவது வயதில் ஒரு வெற்றிடம் விழுந்தது. நான் உயிரியல் எடுக்க விரும்பினேன். அந்தப் பாடப்பிரிவு இருந்த பள்ளிக்குப் பேருந்து மாறிப் போக வேண்டும் என்பதால், நடந்து போகும் தூரத்தில் இருந்த பள்ளியில் வணிகவியலில் சேர்த்துவிட்டார்கள். அந்த மாணவியைப் பற்றி நான் எழுதிய முதல் வரைவில், அவளை எப்படியாவது இயந்திரவியல் பக்கம் திருப்பிவிட வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். என் மேற்பார்வையாளர் ஓரத்தில் பென்சிலால் ஒரே வரி எழுதித் திருப்பித் தந்தார்: "இது அந்தப் பெண்ணின் கதையா, உங்கள் கதையா?"

மூத்த பள்ளி ஆலோசகர், மதுரை:

அந்தப் பென்சில் வரியை எழுதியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் தாள். உங்கள் வகுப்பில் மொழிபெயர்த்த வாசகங்களுக்கு, தமிழ்நாட்டுக் கிராமப்புற மாணவர்களை வைத்துக் கணக்கிட்ட ஒப்பீட்டு அளவுகள் எதுவும் இருக்காது. ஆகவே எண்ணிக்கையைக் கூட்டி "இம்மாணவி சமூக நாட்டம் உடையவர்" என்று எழுதினால், அது அளவுகோலைச் சரிபார்க்காமல் துணியைக் கிழித்த கதை. பணி என்று கொடுத்திருப்பதால் எண்களைக் குறித்துக் கொடுங்கள். ஆனால் அதன் கீழேயே, இந்த எண்கள் இன்றுவரை இப்பிள்ளைகள் எதையெல்லாம் பார்த்திருக்கிறார்கள், எதைத் தங்களுக்கு உரியது என்று நினைக்கிறார்கள் என்பதைக் காட்டுகின்றன என்றும், நாட்டத்தைப் பற்றிய முடிவாக இவற்றைக் கொள்ள இயலாது என்றும், அந்தத் தையல் மிஷின் உரையாடலை அப்படியே சேர்த்து எழுதுங்கள். திருத்துபவர் அறிந்தவரானால் மதிப்பெண் கூடத்தான் செய்யும்.

அடுத்து, லிண்டா காட்ஃபிரெட்சன் 1981-இல் முன்வைத்த கோட்பாடு உங்கள் பாடத்திட்டத்தில் இருந்தால் அதை மறுபடி எடுத்துப் படியுங்கள். இல்லாவிட்டால் தேடிப் படியுங்கள். தொழிலைத் தேர்ந்தெடுப்பது என்பது பிடித்ததை எடுத்துக்கொள்வதைவிட, ஆகாதவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டுவதுதான் என்பது அவர் வாதம். ஆறு முதல் எட்டு வயதுக்குள் "இது ஆண் வேலை, இது பெண் வேலை" என்று ஒரு கழிவு நடந்துவிடுகிறது. ஒன்பது முதல் பதின்மூன்று வயதுக்குள் "இது நம் வீட்டுக்குக் கௌரவக் குறைச்சல், இது நமக்கு எட்டாது" என்று இரண்டாவது கழிவு. பதினான்குக்குப் பிறகுதான் தன் சொந்த விருப்பம், திறமை பற்றிய யோசனை வருகிறது. அதற்குள் தட்டில் மிஞ்சியிருப்பது நாலைந்து பண்டம்தான். பத்தாம் வகுப்பில் நாம் சோதனைத் தாளை நீட்டும்போது அந்த மிச்சத்தைத்தான் அளக்கிறோம். கழித்துக்கட்டியவை அந்தத் தாளில் "பிடிக்காது" என்ற பெயரில் வந்து நிற்கின்றன.

எனவே "பிடிக்கும்" என்பதைவிட "பிடிக்காது" என்பதைத்தான் உட்கார்ந்து படிக்க வேண்டும். அதற்கு ஒரு பழைய கருவி இருக்கிறது. லியோனா டைலர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1961-இல் எழுதிய அட்டை வகைப்படுத்தல் முறை. செலவு ஒன்றும் இல்லை. காலண்டர் அட்டைகளை வெட்டி, அட்டைக்கு ஒரு தொழிலாக எழுதிக்கொள்ளுங்கள். "எடுக்கலாம்", "வேண்டாம்", "தெரியவில்லை" என்று மூன்று கட்டுகளாகப் பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு "வேண்டாம்" கட்டை எடுத்து, ஒரே காரணத்துக்காக ஒதுக்கியவற்றை ஒன்றாகச் சேர்க்கச் சொல்லுங்கள். காரணங்களைப் பிள்ளையின் வாயிலிருந்து வந்த சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் பெயர் சூட்டாதீர்கள். என் அனுபவத்தில், "வேண்டாம்" கட்டில் பாதிக்குமேல் வேலையைப் பற்றிய காரணமாகவே இருக்காது. "ராத்திரி ஷிப்ட் வரும், அப்பா விடமாட்டார்." "சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்க." "அதுக்கு இங்கிலீஷ் வேணும்." இவை ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு வேறு. அப்பாவுடன் பேசுவது ஒன்று; ஆங்கிலத்துக்கு வழி காட்டுவது ஒன்று.

பெற்றோரை அழைக்கும்போது மட்டும் கவனம். "கவுன்சலிங்" என்று சொல்லி அனுப்பினீர்களானால், பாதிப் பேர் இன்ஜினீயரிங் சீட் கலந்தாய்வு என்று நினைத்துச் சான்றிதழ் ஃபைலோடு வந்து நிற்பார்கள். மீதிப் பேர் பிள்ளைக்கு மனநிலை சரியில்லையோ என்று பயந்துபோய் வருவார்கள். இரண்டும் எனக்கு நடந்திருக்கிறது.

அரசுப் பள்ளி ஆசிரியை, ஈரோடு மாவட்டம்:

சற்றுக் கடுமையாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளவும். என் பள்ளியில் உயர்கல்வி வழிகாட்டிப் பொறுப்பையும் நானே பார்க்கிறேன். கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டே. அமெரிக்காவில் யாரோ எழுதிய ஆறு வகை, மூன்று கட்டு என்பதெல்லாம் தேர்வுத்தாளுக்குச் சரி. எங்கள் பிள்ளைகளுக்குத் தேர்வு முடிவு வந்த பிறகு கிடைப்பது சில நாட்கள். அந்த நாட்களில் அவர்கள் முன்னால் இருப்பது அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளியில் இருக்கும் மூன்று அல்லது நான்கு பாடப்பிரிவுகள். அவற்றில் யாருக்கு எது என்பதைப் பெரும்பாலும் மதிப்பெண்ணே தீர்மானித்துவிடுகிறது. நாட்டத்தை ஆராய்ந்து என்ன செய்வது?

நான் முதல்வன் திட்டம் 2022-இல் வந்த பிறகு நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. எந்தப் படிப்புக்கு எங்கே விண்ணப்பிப்பது என்பதையாவது வகுப்பறையில் பேச ஒரு நேரம் கிடைத்திருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் பிள்ளைகளுக்குத் தேவைப்படுவது உறுதியான தகவல். அறுபது வாசகச் சோதனைக்குச் செலவிடும் பாடவேளையில், கணிதம் இல்லாத பிரிவை எடுத்தால் எந்தக் கதவு மூடும், உயிரியல் இல்லாவிட்டால் எது மூடும், வணிகவியல் எடுத்தாலும் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்குப் போகலாம் என்பதைச் சொல்லிக்கொடுத்தால் ஒரு பிள்ளையாவது பிழைக்கும். நன்றாகப் படிக்கிற பிள்ளையைப் பத்தாம் வகுப்புக்குப் பிறகு கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றுகிற பெற்றோரை ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவத்திலும் பொறியியலிலும் அந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு கிடைக்கும் என்பதை யாரும் அவர்களிடம் சொல்லியிருப்பதில்லை. இதற்கு எந்தக் கோட்பாடு வேண்டும்?

பாலிடெக்னிக் விரிவுரையாளர், கோவை:

ஆசிரியை சொன்ன தகவல்கள் அனைத்தும் தேவை, அவரோடு உடன்படுகிறேன். அந்தப் பையனைப் பற்றி மட்டும் சில வார்த்தை சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அவனைப் போன்றவர்கள் பல ஆண்டு கழித்து என் வகுப்புக்கு வருகிறார்கள், அல்லது வராமலே போகிறார்கள்.

பனியன் கம்பெனிக்குப் போகாதே என்று சொல்லித் தொடங்காதீர்கள். அவன் வீட்டில் சாப்பாடு போடுவது அந்தத் தொழில். அவன் மாமாவை அவமதித்ததாக எடுத்துக்கொள்வான். அதற்குப் பதிலாக, அவனுக்குத் தெரிந்த அதே தொழிலின் உள்ளே எத்தனை வேலை இருக்கிறது என்று அவனையே பட்டியல் போடச் சொல்லுங்கள். கைமடி, பிசிறு வெட்டுதல், செக்கிங், ஓவர்லாக், பிளாட்லாக், அயர்னிங் என்று தன் கண்ணில் பட்டவற்றை மளமளவென்று எழுதுவான். அந்த டி-ஷர்ட்டின் அளவை வரைந்த பேட்டர்ன் மாஸ்டர் யார், வெளிநாட்டு வாடிக்கையாளரோடு தினமும் மின்னஞ்சலில் மல்லுக்கட்டும் மெர்ச்சன்டைசர் என்ன படித்தார், சாயம் போகிறதா என்று சோதிக்கும் ஆய்வகத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார், பின்னலாடை இயந்திரம் நின்றால் வந்து சரிசெய்பவர் யார் என்று கேட்டால் அவன் யோசிக்கத் தொடங்குவான். பின்னலாடை வடிவமைப்புக்கென்றே திருப்பூரில் கல்லூரி இருக்கிறது என்பது அந்த ஊர்ப் பிள்ளைகள் பலருக்கே தெரியாது.

ஒரு எடுத்துக்காட்டு. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது நினைவிருக்கும். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனையோடு அவை மீண்டும் இயங்கத் தொடங்கிய பிறகு, சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வூடு வடிகட்டலையும் உப்பு மீட்பையும் இரவு பகலாகக் கவனிக்க வேதியியல் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். அவன் தாத்தா காலத்தில் அந்த வேலைக்குப் பெயரே கிடையாது. எதிர்பாராதது வரும்போது அதைப் பயன்படுத்திக்கொள்ளும் தயார்நிலை என்று உளவியலாளர் ஜான் கிரம்போல்ட்ஸ் சொல்வதை உங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். இதைவிட நல்ல உள்ளூர் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வழிகளும் ஒன்றல்ல. பத்தாம் வகுப்பு முடித்து ஐ.டி.ஐ. போனால், அங்கிருந்து பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். டிப்ளமா முடித்தால் பொறியியல் இரண்டாம் ஆண்டு. வேலைக்குப் போய்விட்டாலும் திரும்பிவர வாசல் இருக்கிறது என்பதை மட்டும் அவன் காதில் போட்டுவையுங்கள். அந்த மாணவிக்கும் இது பொருந்தும். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் பட்டப்படிப்புக்கு மட்டுமல்ல, டிப்ளமாவுக்கும் ஐ.டி.ஐ.க்கும் உண்டு.

பையனுக்கு இப்போது பதினைந்து வயது என்றால், அவன் எந்தப் பிரிவில் வேலைக்குப் போகிறான் என்பதையும் கேட்டுவையுங்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களை அபாயகரமான வேலையில் வைக்கக்கூடாது என்று 2016 திருத்தச் சட்டம் சொல்கிறது. வழிகாட்டுபவர் இதைத் தெரியாததுபோல் கடந்துபோக முடியாது.

மூத்த பள்ளி ஆலோசகர், மதுரை:

ஆசிரியை அவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் "அமெரிக்காவில் யாரோ எழுதிய" என்ற சொல்லுக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையைத் தொடங்கிவைத்த ஃபிராங்க் பார்சன்ஸ், 1908-இல் பாஸ்டன் நகரில் தன் தொழில் வழிகாட்டல் அலுவலகத்தைத் திறந்தது வசதியான பிள்ளைகளுக்காக அல்ல. இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்து குடியேறிய ஏழைக் குடும்பங்கள் வாழ்ந்த பகுதியில், பள்ளியை விட்டுக் கிடைத்த வேலையில் ஒட்டிக்கொண்ட இளைஞர்களுக்காகத் திறந்தார். உன்னை அறி, வேலையை அறி, இரண்டையும் பொருத்திப்பார் என்று அவர் சொன்ன மூன்றில் இரண்டாவதைத்தான் நீங்கள் "தகவல்" என்கிறீர்கள். அது அவரிடமே இருக்கிறது. அந்த ஆண்டே அவர் இறந்துவிட்டார். நூல் 1909-இல்தான் வந்தது.

நம் பக்கத்திலும் இது புதிதல்ல. 1952-53-இல் இடைநிலைக் கல்விக்குழு பள்ளிகளில் வழிகாட்டல் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் தலைவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆ. லட்சுமணசுவாமி முதலியார். மத்திய அரசின் வழிகாட்டல் செயலகம் 1954-இல் தொடங்கப்பட்டுவிட்டது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் கணக்கு ஆசிரியை கூடுதல் பொறுப்பாக இதைச் சுமக்கிறார் என்பதுதான் வருத்தம். அது கோட்பாட்டின் குற்றமல்ல.

தகவலை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்கிறேன். எல்லாக் கதவையும் வரிசையாகச் சொல்லுவோம், பிள்ளை தலையாட்டும், "அது நமக்கில்லை" என்று ஏற்கெனவே கழித்துக்கட்டிய கதவுகளின் விவரம் காதில் ஏறவே ஏறாது.

பயிற்சி ஆலோசகர், திருப்பூர்:

பதிலளித்த மூவருக்கும் நன்றி. பத்து நாட்களில் நடந்ததைச் சொல்கிறேன்.

நாற்பத்தெட்டு அட்டைகள் வெட்டினேன். தலைமையாசிரியை இரண்டு பாடவேளை கொடுத்தார். ஈரோட்டு ஆசிரியை சொன்னதை மனத்தில் வைத்து, ஒவ்வோர் அட்டையின் பின்புறமும் அந்த வேலைக்கு எந்தப் பாடப்பிரிவு வேண்டும், பத்தாம் வகுப்புக்குப் பிறகு எத்தனை ஆண்டு என்று எழுதிவிட்டேன். அட்டைகளைப் பிரித்து முடித்த பிறகுதான் பின்புறத்தைப் பார்க்க வேண்டும் என்று விதி வைத்தேன். பையன்கள் அந்த விதியை முதல் ஐந்து நிமிடத்திலேயே மீறினார்கள்.

கம்பெனிக்குப் போகிறேன் என்ற பையன் தன் தொழிலில் பதினோரு வேலைகளை எழுதினான். மெர்ச்சன்டைசர் என்பவர் "ஆபீஸ்ல ஏசில உக்காந்துட்டுச் சத்தம் போடறவரு" என்று விளக்கம் வேறு. முடிவு மாறவில்லை. ஆனால் சுத்திகரிப்பு நிலையத்தைப் போய்ப் பார்க்கலாமா என்று அவனாகக் கேட்டான். அனுமதிக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். வேலைக்குச் சேரும் வயது பற்றி அவன் மாமாவிடம் தொலைபேசியில் பேசினேன், சுமுகமாகத்தான் பேசினார்.

அந்த மாணவியின் "வேண்டாம்" கட்டு கனமாக இருந்தது. காரணவாரியாகப் பிரிக்கச் சொன்னபோது, பெரிய குவியலுக்கு அவள் சொன்ன காரணம்: "இதெல்லாம் பண்ற பொம்பளைங்களை நான் பார்த்ததில்லைங்க மிஸ்." நான் அப்படியே எழுதிக்கொண்டேன், இயந்திரவியல் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன் என்பதைப் பயிற்சிக் குறிப்பிலும் எழுதியிருக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் குவியலிலிருந்து மூன்று அட்டைகளை அவளே "தெரியவில்லை" கட்டுக்கு மாற்றினாள். அவற்றில் ஒன்று இயந்திரப் பராமரிப்பு. மற்ற இரண்டும் நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத நில அளவையும் ஆய்வக வேலையும்.

அவளுடைய அம்மா செக்கிங் வேலை பார்க்கிறார். வார நாட்களில் வர முடியாது என்பதால் ஞாயிறு மாலை வீட்டுக்கே போனேன். அட்டைகளை வாங்கிப் பொறுமையாகப் பார்த்தார். பின்புறத்தில் எழுதியிருந்த பாடப்பிரிவு எந்தப் பள்ளியில் இருக்கிறது என்று கேட்டார், சொன்னேன். "சரிங்க, படிக்கட்டும். ஸ்பெஷல் கிளாஸ் வெச்சா ஆறரை மணி ஆகுமே, அதுக்கப்புறம் எங்க ஊருக்குப் பஸ் இருக்குதுங்களா?" என்றார். தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நாளைக் காலை பள்ளிக்குப் போகும் வழியில் பேருந்து நிலையத்தில் இறங்கி நேரக் காப்பாளரிடம் விசாரிக்க வேண்டும்.